ராஜா வீட்டில் அம்மா

வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் என் அம்மா. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த நான், தேயிலைத் தொழிற்சாலை வேலை கிடைத்து ருவாண்டாவுக்குப் போனேன். போன வருஷம் அம்மாவை ஒரு மாதம் என்னோடு இருக்க அழைத்துக்கொண்டேன். அதற்கு முன் அவர் கொழும்பைக்கூட இரண்டு தடவைதான் பார்த்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நாட்டுப் பழைய ராஜாக்களின் அரண்மனைக்குப் போனோம். இப்போது அது அருங்காட்சியகம். புல் வேய்ந்து, கூடையைக் கவிழ்த்தது போல உயர்ந்து நின்றது ராஜாவின் வீடு. வாசலுக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார்.

"நாம பின்பக்கமா போவணுமா, புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. விருந்து நாட்களில் பாத்திரம் கழுவ, அம்மா எத்தனையோ தடவை தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்குப் போயிருக்கிறார். எப்போதும் பின்னாலிருக்கும் குசினிப் பக்கமாகத்தான்.

சுற்றிக் காட்ட வந்த பெண்ணிடம் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ராஜாவின் விருந்தாளிகள் இந்த வாசலால்தான் வந்தார்கள். இவரும் விருந்தாளிதானே?" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள்.

நான் தமிழில் சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்தார். உள்ளே பாய் விரித்திருந்த ராஜாவின் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ராசாவும் பாயிலதான் படுத்திருக்காரு!" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் அரண்மனை மாடுகள். ஆள் உயரத்துக்குக் கொம்பு. மேய்ப்பர் பாட்டுப் பாடித் தடவிக்கொடுத்தும், ஒரு மாடு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு மாடு வளர்த்தவர் அம்மா. சும்மா இருப்பாரா? நாக்கைச் சொடுக்கி, "வாடி என் ராசாத்தி, வா வா" என்றார்.

மாடு காதை அசைத்தது. நேரே நடந்து வந்து அவர் உள்ளங்கையை நக்கியது.

மேய்ப்பர் பாட்டை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தன் நீளக் கம்பை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"போட்டோ புடி புள்ள," என்றார் அம்மா, கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்று.

அம்மாவோடு நானும் லீவில் ஊருக்குத் திரும்பியதும், பக்கத்து டவுனான ஹட்டனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். ஒரு வாரமாகப் படம் பார்க்க லயத்தில் கூட்டம். ஒருநாள், முன்பு அம்மாவை வேலை வாங்கிய பழைய கணக்கப்பிள்ளையும் பார்க்க வந்தார். அவரைக் கண்டாலே எழுந்து நின்ற அம்மா, இப்போது எழுந்திருக்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க ஐயா. மொதல்ல இருந்து சொல்றேன்."