வெண்ணெய்க் கண்ணன்

இன்று காலை பத்தே காலுக்கு, சாலைக் கடைத்தெருவின் பெயிண்ட் கடையொன்றில் முதலில் கண்டது மூடி திறந்த டர்பன்டைன் டப்பா. கேரளம் பிறக்குமுன், திருக்கொச்சி மாநில நாட்களில் எங்கள் ஆரியசாலை வீடு முழுக்க அந்த வாசனைதான். அம்மை கண்ணாடியின் பின்பக்கம் சாமிப்படம் வரைவாள். முன்னாலிருந்து பார்க்கையில் இடம் வலமாகிவிடும் என்பதால் மாதிரித் தாளை மறுபுறம் திருப்பி அடியில் வைத்து, கண்ணும் நகையும் முதலில், மேனியின் நீலம் கடைசியில் என்று, வளையல் கண்ணாடியில் உரசும் சத்தத்தோடு மத்தியானங்கள் போகும்.

நெய் வியாபாரியான பெரியப்பா, தன் மகள் கல்யாணத்தில், இலை முன்னால் உட்கார்ந்த அம்மையை எல்லோரும் பார்க்க எழுப்பிவிட்டார். "சாயக் கையோட பந்தியில இருக்கப்பிடாது."

பிறகு கடையில் மாட்ட, வெண்ணெய் தின்னும் கண்ணன் படம் கேட்டு அவரே ஆளனுப்பினார். அம்மை அந்தத் தாளைத் திருப்பவில்லை.

"கை மாறுதே அம்மை?"

"தெரியும் மக்களே, சும்மா இரி."

பூசை போட்டு மாட்டிய பிறகுதான் நெய் வாங்க வந்த ஒருவர் சிரித்தார். "முதலாளி, உங்க கண்ணன் இடக்கையாலல்லா திங்கான்!"

கடைத்தெருவே வந்து பார்த்தது. பூசை போட்ட படத்தைக் கழற்றப் பெரியப்பாவுக்குப் பயம்.

அதன்பின் வீட்டுக்கு நெய் வாங்கப் பெரியப்பா கடைக்கு அம்மையே போனாள்.