டிரம்முக்குள் கடல்

வெள்ளைத் தட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, அதற்கு நேரே கேமராவை இறக்கி, மூச்சடக்கிக்கொண்டிருக்கிறார் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக். தண்ணீர் டிரம்மில். அவர் வெளியே, ஸ்டூலில். மூச்சை ஏன் அடக்க வேண்டும் என்று கேட்பதை அவர் மனைவி விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் முதன்முறையாகக் கடலுக்கடியில் படமெடுக்கப் போகிறார். அதற்குள் கேமராவில் நிறங்கள் சரியாக அமைய வேண்டும். "ரெண்டு மாடி ஆழம் எறங்கினாலே செவப்பு போய்ச் சேந்துரும். அப்புறம் ஆரஞ்சு. மஞ்சள் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், பாவம்" என்று, துணி காயப்போட வந்த என்னிடம் துக்கச் செய்திபோலச் சொன்னார். அங்கே ஒரு தட்டைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவை நம்பவைத்துவிட்டால் மற்ற நிறங்களும் பிழைத்துக்கொள்ளுமாம்.

டிரம்மில் எந்த நிறமும் சாகவில்லை. அதனால் துணிக்குப் போடும் நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தார். தட்டைக் காட்டிக் கேமராவை நம்பவைத்ததும் தட்டு வெள்ளையாகவே பதிந்தது. "தட்டு வந்தா ஆச்சா? மனுசத் தோல் வரணுமே!" என்று மனைவியின் தம்பியைப் பிடித்தார்.

"மாமா, சாயங்காலம் பொண்ணும் அவங்கப்பாவும் என்னைப் பாக்க வராங்க!"

"அதுக்குத்தான் சொல்றேன். குளிச்ச மாதிரியும் ஆச்சு, எறங்குடா."

வெளியே வந்தவன் நெற்றி முதல் நகக்கண் வரை நீலம். அக்கா சோப்புப் போட்டார், மாவு தேய்த்தார். என்னிடம் தேங்காய்நார் வாங்கித் தேய்த்ததில் ஒரு காது மட்டும் வெளுத்தது.

"ஏங்க, இவனுக்கு அமைஞ்சதே இந்த ஒரு எடம். அதுக்கும் உலை வச்சிட்டீங்களே!"

"கேமராவுல பாரு, தங்கமா இருக்கான்."

இருந்தான். அதே திரையில் அக்காதான் செங்கல் நிறத்தில் இருந்தார்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பிக்கு உடம்புக்கு ஏதும்...?" "இல்லீங்க" என்று அவன் வாயைத் திறந்தான். நாக்கும் நீலம். அவர் செருப்பை மறுபடி மாட்டினார்.

மெக்கானிக் ஓடிப்போய்க் கேமராவை நீட்டினார். அப்பா பார்க்கவில்லை. பெண் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இதுல நல்லாத்தாம்பா இருக்காரு" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

மெக்கானிக் தன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி, அவள் கழுத்தில் மாட்டி, வாரை அவள் உயரத்துக்கு இறுக்கிவிட்டார்.