சூடம் காட்டிய சிலையும் செம்மநத்தத்து ஆப்பிரிக்காவும்

ஏற்காட்டுக்கு நான் ஏரி பார்க்கப் போகவில்லை, குளிர் வாங்கவும் போகவில்லை. கோபத்தில் போனேன். போன ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வாரம் வீட்டில் ஒரு தமிழ்ப் படம் பார்த்தோம். பெயரைச் சொல்லி இலவச விளம்பரம் தர மாட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த தகோமே ராஜ்ஜியமும் அங்கே நடந்த அடிமை வியாபாரமும்தான் கதை. எழுத்துப் போடும்போதே 'உண்மை வரலாறு' என்று போட்டுவிட்டார்கள்.

நான் பண்ருட்டிக்காரன். முந்திரிக் கம்பெனிக்காகப் பெனின் நாட்டில் ஆறு வருடம் கொட்டை வாங்கும் வேலை பார்த்தவன். பழைய தகோமே இன்றைய பெனினுக்குள்தான் இருக்கிறது. அபோமே ஊரில் அந்த ராஜாக்களின் மண் அரண்மனைகளையும் சுவர்களில் இருக்கும் சிங்கம், சுறா, போர்க்காட்சிச் சிற்பங்களையும் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்களைக் கப்பலேற்றிய உய்தா கடற்கரையிலும் நடந்திருக்கிறேன். படத்திலோ அரண்மனைக்குப் பதில் நாலு ஓலைக்குடிசை. ராஜா பேசுவதே இல்லை, உறுமுகிறான். அந்த நாட்டின் பெயர்பெற்ற பெண்கள் படை மருந்துக்கும் கிடையாது. கப்பல் கேப்டனான வெள்ளைக்காரன் மட்டும் அடிமைகளைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான்.

தகோமே ராஜாக்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சண்டையில் பிடித்த ஆட்களை விற்றார்கள், அதில் கொழுத்தார்கள், பலியும் கொடுத்தார்கள். அதையெல்லாம் மறைத்து அவர்களை உத்தமர்களாக்கினாலும் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் துப்பாக்கியும் சாராயமும் புகையிலையும் கொண்டுவந்து இறக்கி, மனிதர்களை வாங்கிக்கொண்டு போனது யார்? விற்றவனை ராட்சசனாக்கிவிட்டு, வாங்கியவன் கையில் கைக்குட்டையைக் கொடுத்தால் அதற்குப் பெயர் வரலாறா? போதாததற்கு, அந்த ஆப்பிரிக்கக் காடு முழுக்க மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். "இது நம்ம ஏற்காடுங்க" என்று என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். இணையத்தில் தேடினால், படம் எடுத்த இடம் 'ஆப்பிரிக்கா பாயிண்ட்' என்று சுற்றுலா இடமாகவே ஆகியிருந்தது. அந்த அக்கிரமத்தை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்குப் பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றேகால் மணி நேரம். தலை சுற்றுகிறவர்கள் முன்சீட் பிடித்துக்கொள்ளுங்கள், டிபனை மேலே போய்ச் சாப்பிடுங்கள். பஜாரில் தோசை தின்றுவிட்டு ஜீப் பிடித்தேன். போய்வர ஆயிரத்து இருநூறு. டிரைவர் பெயர் சேகர், முப்பது வயதிருக்கும், பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஆள்.

"சீசன்ல ஒரு நாளைக்கு நாலு சவாரி அங்கதானுங்க சார். சனங்க அந்த நரபலிச் சாமி முன்னால நின்னு செல்பி எடுக்காம எறங்க மாட்டாங்க" என்றார்.

அந்த இடம் இருக்கும் செம்மநத்தத்துக்குப் போகும் ரோடு குறுகல். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆட்டிவிட்டு ஜீப் நின்றது, அங்கிருந்து பத்து நிமிடம் நடை.

சரிவில் ஒரு அரை ஏக்கர். ஓலைக்குடிசைகள் இற்றுப்போய்க் கிடந்தன. நடுவே பதினைந்தடி உயரத்தில் சிலை, சிவந்த கண், நெஞ்சு வரை தொங்கும் நாக்கு. படத்தில் ராஜா இதன் காலடியில்தான் ஆட்களை வெட்டுவான். ஆறு வருடத்தில் நான் அங்கே எந்தக் கோயிலிலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அதன் காலடியில் புதுச் செம்பருத்திப் பூ இருந்தது.

வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அலமேலு அக்காவுடைய நிலம் அது. ஐம்பதைத் தாண்டியவர். பூ வைப்பதும் அவர்தான்.

"வெக்காம என்னங்க பண்றது? படக்காரங்க மொத நாளு கேமராவுக்குப் பூசை போட்டாங்க. அப்படியே இதுக்கும் சூடம் காட்டிப் பூசணிக்கா ஒடச்சுட்டாங்க. சூடம் காட்டிட்டா அது சாமிதானுங்களே. படம் முடிஞ்சா பிரிச்சுத் தர்றமுன்னாங்க, வரவே இல்ல. போன் போட்டாலும் எடுக்கறதில்லீங்க. ரெண்டு வருசமா சாமை வெதைக்கல. எங்க ஊட்டுக்கு இந்த நெலம் ஒண்ணுதானுங்க. ஆடி வந்துட்டா இந்த வருசமும் போச்சு."

"ஊர்ல யாரையாவது விட்டு இடிக்கக் கூடாதா அக்கா?"

"எந்த ஊர் சாமின்னு தெரியாம கை வெக்காதீங்கன்னு பூசாரி சொல்லிட்டாரு. அந்த ஊருக்காரங்க சரின்னாத்தான் ஆச்சாம். ஆப்பிரிக்காக்காரங்களுக்கு நான் எங்கீங்க போவேன்?"

"நான் அங்க ஆறு வருசம் இருந்தவன். இப்படி ஒரு சாமி அங்க கெடையாது. தைரியமா இடிங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பொழைக்கப் போனவருங்க. அவங்க சாமிய நீங்க எப்படிங்க இல்லைங்கறது? எவனோ வந்து எங்க மலைச்சாமி சேர்வராயன இல்லைன்னா நாங்க ஒத்துக்குவமா?"

அப்படியென்றால் அந்த ஊர்க்காரனையே கேட்டுவிடுவோம் என்றேன். சிக்னலுக்காக மேலே இருந்த பாறையில் ஏறிக் கொஜோவை வீடியோவில் கூப்பிட்டேன். என்னோடு முந்திரி குடோனில் எடை பார்த்தவன், அபோமேயிலேயே பிறந்தவன். இங்கே பதினொன்றரை, அங்கே காலை ஏழு. சிலையைக் காட்டி, என் அரைகுறை பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். "எங்கள் சாமி என்று யார் சொன்னது?" என்றான். சினிமாக்காரர்கள் என்றேன். அவன் முகம் இறுகிவிட்டது.

அலமேலு அக்காவும் பாறைக்கு ஏறி வந்துவிட்டார். "இடிச்சா அவங்க மனசு நோகுமான்னு கேளுங்க."

கேட்டேன். "எங்கள் வீட்டில் இன்றைக்கும் வோடுன் என்கிற எங்கள் பரம்பரைத் தெய்வங்களைக் கும்பிடுகிறோம். இது எங்களுடையது இல்லை. இடிக்கட்டும், விதைக்கட்டும்" என்றான்.

சேகர் மட்டும் இழுத்தார். "அக்கா, அடுத்த சீசன் வரைக்குமாச்சும் உட்டு வெய்யேன். நாலு சவாரி கெடைக்குமில்ல."

"உனக்கு ஏரி இருக்குது, பகோடா பாயிண்ட் இருக்குது கண்ணு. எனக்கு என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு, பூசாரியைக் கூப்பிட ஆளனுப்பினார். பூசாரி வந்ததும் கொஜோவை மறுபடி கூப்பிட்டேன்; அவன் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சிலைக்குத் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டார். முதல் கடப்பாரை அலமேலு அக்கா போட்டது. உள்ளே மூங்கிலும் சாக்குத் துணியும்தான். சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை வந்தால் செம்மநத்தம் ரோடு வழுக்கும், கெட்டியான செருப்புப் போடுங்கள். திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், மாலையில் கூட்டம் நெருக்கும். 'ஆப்பிரிக்கா பாயிண்ட்' என்று கூப்பிட்டால் ஜீப்பில் ஏறாதீர்கள். அங்கே இப்போது சாமை முளைத்திருக்கும், மிதித்துவிடுவீர்கள்.

சேலத்தில் இறங்கியபோது கொஜோவின் குரல் பதிவு வந்திருந்தது. "அந்தப் படத்தில் எத்தனை நூறு பேர் வேலை செய்திருப்பார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டது அந்த அம்மா ஒருத்திதான். அவருக்கு நன்றி சொல்."