பெங்களூர்க்காரர் வாசித்த இரண்டாம் தந்தி

ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கும்போது ஒரு பிசின் வாசனை எழும். அதைத் தாண்டி என்னால் நடக்க முடிவதில்லை. நேற்றும் அம்பத்தூர் கடைத்தெருவில் நின்றுவிட்டேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். பெரிய வயலின் மாதிரி உட்கார்ந்து வாசிக்கிற செல்லோவின் வில்லுக்குத் தேய்க்கிற ரோசினும் இதே பிசின்தான். அந்தப் புகைக்குள் எனக்கு ஒரு மனிதரின் கை தெரிகிறது. இருபது வருஷமாகியும் அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை.

யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக் கிடங்குகள் முளைத்திருந்தன. நான் அங்கே குமாஸ்தா. பட்டாளத்துக்கு வருமுன் வாத்தியம் வாசித்துப் பிழைத்த வெள்ளைக்காரர்கள், பெரம்பூர் ரயில் பட்டறையின் ஆங்கிலோ இந்தியர்கள், பூந்தமல்லி சர்ச்சுகளில் பழகிய எங்களைப் போன்றவர்கள் என்று எல்லோரையும் திரட்டி ஒரு மேஜர் சிம்பனி குழு கட்டினார். என் மனைவியின் தம்பிக்கு ஆளுயர டபுள் பேஸ். எனக்குச் செல்லோ, சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியார் விட்டுப்போனது.

சீசனின் முதல் கச்சேரியில் தனி வாசிப்புக்குப் பெங்களூரிலிருந்து ஒரு செல்லோக்காரர் வருவதாக ஏற்பாடு. அதுவரை ஒத்திகையில் அவர் பாகத்தை வாசிக்க ஆள் வேண்டும். மேஜர் என்னைக் காட்டினார். இரண்டு மாதம் குழுவுக்கு முன்னால் அந்தத் தனி நாற்காலியில் உட்கார்ந்தேன். இரவல் நாற்காலி என்று தெரியும். தெரிந்தால் மட்டும் ஆசை எழுந்து போய்விடுமா?

கப்பல் வராததால் வாத்தியத் தந்தியும் வராத நாட்கள் அவை. என் முதல் தந்தி அறுந்து முடிச்சுப் போட்டது. உச்சிக்கு ஏறினால் இரையும். கச்சேரிக்கு எடுத்திருந்த உருப்படியின் மெதுவான நடுப்பகுதியில் ஓர் இடம் உண்டு. அதை முதல் தந்தியில், வெயில் பட்ட மாதிரி பாடவைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். நான் வேறு வழியில்லாமல் தடித்த இரண்டாம் தந்தியில் ஏறினேன். அழுகையை விழுங்கிக்கொண்டு பேசுகிறவளின் குரல் வந்தது. இல்லாமையில் கிடைத்ததுதான். ஆனால் என்னுடையது, உலகத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே ஒரு சத்தம்.

பெங்களூர்க்காரரின் ரயில் ஜோலார்பேட்டையிலேயே நின்றுபோகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று வேண்டினேன். கர்த்தர் செவிகொடுக்கவில்லை. கச்சேரி நாள் காலையில் வந்து இறங்கிவிட்டார்.

வெள்ளைக்காரரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் என் நிறம், என் வயசு, தமிழ் பேசுகிறவர். துரையாக இருந்திருந்தால் அது வேறு வானம் என்று விட்டிருப்பேன். இது என் கூரைக்கு அடுத்த கூரை. இவருக்கு மட்டும் எப்படி?

அன்றைய ஒத்திகையில் அவர் ஓர் உதவி கேட்டார். தகரக் கொட்டகையில் சத்தம் எப்படிப் போகிறதென்று தூரத்திலிருந்து கேட்க வேண்டும், நடுப்பகுதியை மட்டும் நான் வாசிக்க முடியுமா என்று. கடைசி பெஞ்சில் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசித்தேன். மைத்துனன் பின்னாலிருந்து கிசுகிசுத்தான்.

"இன்னா மச்சான், அந்தாளை ஊருக்குத் தொரத்திகினே வாசிக்கிறியே."

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி. இருட்டினால் விளக்கு போடத் தடை. முன்னால் பிரம்பு நாற்காலிகளில் அதிகாரிகளும் துரைசானிகளும். எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பின் பெஞ்சு. நான் குழுவின் ஓரத்தில், வில்லை மடியில் வைத்துவிட்டு, விரலால் தந்தியைச் சுண்டி, தும் தும் என்று அவருக்குப் பின்பாட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வந்தது. அவருடைய முதல் தந்தி முடிச்சில்லாத புதுத் தந்தி. அவருக்கு அதை விட்டு இறங்க ஒரு காரணமும் இல்லை. இடது கை இறங்கியது. இரண்டாம் தந்தியில் ஏறியது.

திருட்டு என்று கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும். கத்த முடியவில்லை, ஏனென்றால் என்னிடம் அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தவள் அவரிடம் வாய் திறந்து பேசினாள். இரண்டு மாதம் என்னோடு குடும்பம் நடத்தியவள். ஒரே நாளில். நான் தும் தும் என்று தட்டினேன். மைத்துனன் வில் நுனியால் என் முதுகைத் தொட்டு, "உன்னுது மச்சான் அது" என்றான். நான் திரும்பவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் மேஜர் அவர் தோளைப் பிடித்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஓர் இடத்தைத்தான் புகழ்ந்தார். பூந்தமல்லிக்குத் திரும்பும் மாட்டுவண்டியில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க தெனம் ஊட்ல வாசிக்கிறதுதானே அது? இன்னிக்குதான் எனக்குக் காதுல ஏறிச்சு."

வஞ்சமில்லாமல் சொன்னாள். அதனால்தான் பொறுக்கவில்லை. வீடு வரைக்கும் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை அவரை ஆவடி ஸ்டேஷனில் ஏற்றிவிடும் வேலையும் எனக்கே வந்தது. வழியெல்லாம் அவர் பெங்களூர்க் குளிரைப் பற்றிப் பேசினார். நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்: அது என்னுடையது என்று அவர் வாயால். அவர் சொன்னால் எப்படிச் சிரிப்பது, எவ்வளவு அடக்கமாகத் தலையாட்டுவது என்றுகூட ஒத்திகை பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. வண்டி வந்தது. சோல்ஜர்கள் நெருக்கியடித்த பெட்டிக்குள் செல்லோவை நிமிர்த்தி ஏற்றிக் கொடுத்தேன். அவர் ஜன்னலில் முகம் வைத்துக் குனிந்தார்.

"நடுவுல அந்த எடத்தை உங்க வழியிலதான் வாசிச்சேன். கேக்காம எடுத்துக்கிட்டது தப்பு. உங்க அளவுக்கு வந்துச்சான்னுதான் தெரியல. ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க சொல்லுங்க, சரியா இருந்துச்சா?"

நான் எதிர்பார்த்தது அத்தனையும், எதிர்பார்க்காததும், அந்த ஜன்னலில் இருந்தது. கை நீட்டினால் போதும். கார்டு விசில் ஊதினார். அவர் முகம் நகரத் தொடங்கியது. நான் கூடவே நாலடி நடந்தேன்.

"எந்த எடம்?" என்றேன். "நான் கவனிக்கலையே."