திருத்தணியில் ஒரு ஸ்வெட்டர் கடை

கம்பளி வியாபாரத்தில் சரக்கு அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது, அதை வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஆள்தான் கெட்டுப்போவார்.

மழை பெய்யாத ஐப்பசியில் குடையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களே, வெயில் அடிக்காத வருஷத்தில் நுங்குக் குலையைப் பார்த்துக்கொண்டு விழிக்கிறவர்களே, நீங்கள் எல்லாம் என் ஜனம். உங்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். மற்றவர்களிடம் "திருத்தணியில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தோம்" என்றால் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு "ஏம்மா?" என்கிறார்கள்.

எழுபதுகளில் தொடங்கிப் பதினோரு வருஷம், மலையடிவாரத்தில் குளத்துக்குப் போகிற வழியில், நானும் என் வீட்டுக்காரர் ஆசீர்வாதமும் அந்தக் கடையை நடத்தினோம். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, சால்வை, கம்பளி. சித்திரை மாசம் ரேடியோ செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வருவதே வெயிலுக்காகத்தான். அந்த ஊரில்!

இவர் பட்டாளத்தில் வடக்கே பனிமலையில் நின்றவர். லீவில் வந்த ஒரு மார்கழியில் எங்கள் ஊரில் அதிசயமாகக் குளிர் அடித்தது. குளத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு படி ஏறுகிற ஜனங்கள் வெடவெடவென்று நடுங்கியதை இவர் பார்த்துவிட்டார். அந்த ஒரு வாரக் குளிர்தான் எங்களைக் கெடுத்தது. பிறகு பனியில் இடது கால் விரல் இரண்டு போய், பட்டாளம் இவரை வீட்டுக்கு அனுப்பியபோது, மனுஷர் வந்த கையோடு கடை பிடித்துவிட்டார். கூட நின்ற ஒருவன் ஈர ஸ்வெட்டரோடு விறைத்துச் செத்ததை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "காஞ்ச கம்பளி ஒண்ணு இருந்திருந்தா அவன் இன்னிக்கு உசுரோட இருப்பான் ரூத்து" என்று இவர் சொல்லும்போது மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். மற்ற நேரத்தில் திறந்த வாயை மூட மாட்டேன்.

கடை ஓடாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. கடை மூலையில் என் தையல் மெஷின் இருந்தது. ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அவருக்கு அந்தக் குளிர் ஒன்றுதான் இருந்தது. அது வராமலே போனால் இந்த மனுஷர் என்ன ஆவார் என்பதுதான் வருஷா வருஷம் என் கவலை.

இல்லாத விரல் சொன்ன ஜோசியம்

கார்த்திகை பிறந்தால் போதும், இவருக்கு இல்லாத இரண்டு விரலும் வலிக்க ஆரம்பிக்கும். "இழுக்குது ரூத்து. இந்த வருஷம் குளுரு பிச்சிக்கினு வரப்போவுது பாரு" என்பார். உடனே கடை வாசலில் கயிறு கட்டி ஸ்வெட்டர்களை வரிசையாக மாட்டுவார். பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில், பனி விழுந்த வீடும் பனி மூடிய மரமும் இருக்கிறவையாகப் பொறுக்கிக் கதவில் ஒட்டுவார். அதைப் பார்த்தாவது ஜனங்களுக்குக் குளிரட்டும் என்று நினைப்பு. மார்கழியும் வரும். விடியற்காலையில் மலைமேல் கொஞ்சம் புகை மாதிரி நிற்கும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போகும். பத்து மணிக்கு நான் முந்தானையால் விசிறிக்கொண்டு ஊக்கு தைத்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, இவர் காலை நீவிக்கொண்டே பழைய பாட்டைத் தொடங்கினார். பக்கத்துத் தேங்காய்க் கடை கோவிந்தம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு இவரிடம் சொன்னாள்: "பூட்ட ரெண்டு வெரலும் வருசா வருசம் பொய்தான் சொல்லினு கீது. இருக்கிற எட்டு வெரலக் கேளுண்ணா, அதுங்களாச்சும் நெசத்த சொல்லும்."

மொட்டைக்குக் குல்லா

மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடி இறக்க வருகிறவர்கள். கைக்குழந்தைக்கு மொட்டை அடித்தால் தலை சில்லிட்டுப் போகுமே என்று இவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. லூதியானாவுக்குக் கடுதாசி போட்டு, சின்னச் சின்னக் கம்பளிக் குல்லாவாக ஒரு மூட்டை வரவழைத்தார். மஞ்சள், சிவப்பு, உச்சியில் நூல்குஞ்சம். நானும் அழகாய்த்தான் இருக்கிறதென்று சொன்னேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். முடி இறக்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மொட்டை அடித்த தலையில் சந்தனம் குழைத்துப் பூசுவதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதை எதற்குப் பூசுகிறார்கள் என்று இரண்டு பேரில் ஒருவராவது யோசித்தோமா?

முதல் நாள் நகரிப் பக்கத்துக்காரர் ஒருவர் மொட்டைப் பெண்குழந்தையோடு கடை வாசலில் செருப்பு மாட்ட நின்றார். இவர் ஓடிப்போய், "போட்டுப் பாருங்க, காசெல்லாம் அப்பறம்" என்று குழந்தை தலையில் ஒரு குல்லாவை மாட்டிவிட்டார். ஈரச் சந்தனம் கம்பளியில் அப்பிக்கொண்டது. வெயிலோ பல்லைக் காட்டுகிறது. குழந்தை வீறிட்டுக் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த மனுஷர் கோபப்படக்கூட இல்லை, குல்லாவை மெதுவாகப் பிரித்தெடுத்து இவர் கையில் வைத்தார். "அண்ணா, சூடு தணியட்டும்னுதான் சந்தனம் பூசினு வரோம், அதும்மேல நீங்க அடுப்பு மூட்டுறீங்களே."

பொதட்டூர்பேட்டையில் பிரார்த்தனை

என் பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டை. என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அங்கே மிஷன் பள்ளியில் வாத்தியார். ஊரில் வீட்டுக்கு வீடு தறி. கடைக்கு ஜனம் வராவிட்டால் ஜனத்திடம் கடை போகும் என்று இவர் ஒரு மார்கழியில் சரக்கை மூட்டை கட்டினார். நான் மூட்டையோடு பஸ்ஸில், இவர் சைக்கிளில். விடிந்தும் விடியாததுமாகப் போய் இறங்கினால், தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பாவு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடையான நடை. வியர்வை ஒழுக நடக்கிறவர்களிடம் இவர் ஸ்வெட்டரை நீட்டினார்.

என்னோடு படித்த சரோஜாவும் அந்தப் பாவில் நின்றாள். இவர் தினமும் சாயங்கால ஜெபத்தில் குளிருக்காக மன்றாடுகிற சங்கதி என் தங்கை மூலமாக அவள் காதுக்குப் போயிருக்கிறது. இவர் காதில் விழட்டும் என்றுதான் உரக்கக் கேட்டாள்: "ரூத்து, உங்க ஊட்டுக்காரரு பனி எறங்கணும்னு ஜெபம் பண்றாராமே! பனி எறங்குனா எங்க பாவு காயாது, பாவு காயலன்னா தறி ஓடாது. கொஞ்சம் பாத்து ஜெபம் பண்ணச் சொல்லும்மா."

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து இவர் குளிருக்காக வாய்விட்டு ஜெபம் பண்ணவில்லை. மனசுக்குள் பண்ணினாரோ என்னவோ. ஆமென் மட்டும் என் காதில் விழும்.

மாடியில் காய்ந்தவை

விற்காத கம்பளிக்கு வேலை அதிகம், இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்குத் தெரியும். அந்துருண்டை போட வேண்டும், வேப்பிலை போட வேண்டும், சித்திரை வந்தால் மூட்டையை எல்லாம் பிரித்து மொட்டை மாடியில் காயப்போட்டுப் பூச்சி தட்ட வேண்டும். அடுப்புக்கல் மாதிரி காய்கிற மாடியில் இவர் நொண்டி நொண்டி ஒவ்வொரு ஸ்வெட்டராக உதறி, கையை நீட்டி மல்லாத்திப் போடுவார். ஒரு ஸ்வெட்டரையும் அலட்சியமாக வீசி நான் பார்த்ததில்லை.

ஏழாவது வருஷமோ என்னமோ, நைனா ஊரிலிருந்து வந்திருந்தார். மாடி ஏறி வந்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். இவர் சட்டை முழுக்க நனைந்து, கம்பளி மயிர் முகமெல்லாம் ஒட்டியிருந்தது. இவருக்கு வயசு நாற்பதுதான், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். "இத மூடிட்டுப் பொதட்டூர்பேட்டைக்கு வந்துடு, பள்ளிக்கூடத்துல வேல பாத்துத் தரேன்" என்று சொல்லத்தான் நைனா வந்தார் என்று எனக்குத் தெரியும். நானே சொல்லி அனுப்பியதுதான். இவர் ஒரு ஸ்வெட்டரை உதறி, நைனா பக்கம் திரும்பி, "இந்த வருஷம் வந்துடும் மாமா" என்றார்.  நைனா என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து சொன்னார்: "நா சொல்லமாட்டேம்மா. அந்தாள் மொகத்தப் பாத்தினு என்னால சொல்ல முடியாது, நீயும் சொல்லாத."

ரெண்டு கம்பளி வாங்கியவர்

ஒன்பதாவது வருஷம் மார்கழி. சோடாக் கடை மணி வந்து, "இருக்கறதுலயே கனமான கம்பளி ரெண்டு குடுங்க" என்றார். ஐயோ, இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அடுக்கில் அடியிலிருந்து உருவி, விரித்துக் காட்டி, ஓரத்தைத் தடவிக் காட்டி, "வெளியில படுக்கறீங்களா மணி? நெஞ்ச மூடிக்கினு படுங்க, குளுரு நெஞ்சுலதான் மொதல்ல எறங்கும்" என்று பட்டாளத்துப் பாடம் எல்லாம் சொன்னார். மணி நெளிந்தார். "எனக்கில்ல சார். ஐஸு பாருக்கு. சாக்கு சுத்துனா மத்தியானத்துக்குள்ள கரைஞ்சி பூடுது. இந்த வருசம் மார்கழியிலயே கலரு குடுன்னு கூட்டம் நிக்குது."

நான் மெஷினை நிறுத்திவிட்டு நன்றாகக் கேட்டேன், வேறு கடையே கிடைக்கவில்லையா உமக்கு என்று. இவர் என்னைக் கையமர்த்தினார். கம்பளி இரண்டையும் மூலைக்கு மூலை சேர்த்து அழகாக மடித்து, காகிதத்தில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வரவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, மீன் குழம்பு வைத்திருந்தேன். மணி போகும்போது படியில் நின்று இவரிடம் சமாதானமாகச் சொன்ன வார்த்தை இது: "மனசுல வெச்சிக்காதீங்க சார். குளுரு எங்கியும் பூடல, எம் பொட்டியிலதான் கீது, அதப் பத்திரமா வெச்சிக்கத்தான கேட்டேன்."

சித்திரையில் நடுக்கம்

பதினோராவது வருஷம் இவருக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீடு என்றால் கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே கொண்டுவந்து படுக்க வைத்தேன்.

சித்திரை உச்சி வெயில். தெருவில் தார் இளகிக் கிடந்தது. மலைக்கு வந்தவர்கள் கால் சுட்டுக் குதித்துக் குதித்து ஓடினார்கள். இவர் கட்டிலில் கிடந்தபடி, "குளுருது ரூத்து" என்றார். போர்வை போட்டேன். பல் தந்தியடித்தது. கடைக்குப் போய் ஒரு கம்பளி கொண்டுவந்து போட்டேன், அதன்மேல் இன்னொன்று போட்டேன். அப்புறம் தூக்கி உட்காரவைத்து ஸ்வெட்டர் மாட்டினேன். மப்ளர் சுற்றினேன். கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அடப்பாவிக் குளிரே, பதினோரு வருஷம் ஊரெல்லாம் தேடினோமே, கடைசியில் இந்த ஒரு உடம்புக்குள்தானா நீ வர வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இவர் கண்ணைத் திறந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். "வந்துடுச்சு பாத்தியா?" என்றார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சுருக்கென்று சொல்லித்தான் பழக்கம். அன்றைக்குச் சொன்னேன். "ஆமாங்க, ஊரே நடுங்கினு கீது. கடையில நிக்க எடமில்ல. எல்லாரும் உங்களத்தான் கேக்குறாங்க."

"ஆங்" என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் பருத்திப் புடவையில், வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றேன். இவர் கையைக் கம்பளிக்கு வெளியே எடுத்து என் முழங்கையைத் தொட்டார். எங்கள் கடையில் சரக்குக் கேட்ட கடைசி மனுஷர் இவர்தான், கேட்டதும் எனக்காகத்தான். "அவங்க நிக்கட்டும். இருக்கறதுல நல்லதா ஒண்ணு எடுத்து நீ போட்டுக்க மொதல்ல."

ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்து வரைக்கும் பொத்தானை மாட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வியர்வை முதுகில் ஆறாய் ஓடியது. கழற்றவில்லை. இவர் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டார். ஸ்வெட்டரோடும் மப்ளரோடும்தான் அடக்கம் பண்ணினேன். எங்கள் சர்ச் ஐயர் ஏதோ சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பைபிளைத் திறந்துகொண்டார்.

ஆடியில் கடையைக் காலி பண்ணினேன். அந்த மார்கழியிலேயே, மலையடிவாரத்துக் கடைக்காரர்கள் எல்லாம் போர்வைக்குள் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிற அளவுக்கு நிஜக் குளிர் வந்தது, நான்தான் அதை வா என்றுகூடக் கேட்கவில்லை.