நேசபாய் எழும்பியிருந்த ராத்திரிகள்

இதை எழுத வேண்டும் என்று நோட்டை எடுத்து வைத்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு வரி எழுதுவேன், கிழிப்பேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வடசேரியில் ஒரு சிமெண்டுக் கடையில் நின்றே தலை நரைத்தவன் நான். லாரிக்காரனுக்கு வீட்டு வழி எழுதிக் கொடுத்ததுதான் என் வாழ்நாளில் நான் எழுதிய எழுத்து. ஆனால் தயங்கியதற்கு அது காரணமில்லை. நான் எழுதினால் என் மனைவி நேசபாயைப் பற்றிச் சபையில் சொல்லப்படுகிற ஒரு நல்ல சாட்சி கெட்டுப்போகும். அதற்குத்தான் கை வரவில்லை.

போன மாதம் மகள் ஷைனி சென்னையிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளைக்குக் கீழே விரிக்க ஏதாவது வேண்டும் என்று இரும்பு அலமாரியைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் அறை முழுக்க வந்தது. அடித்தட்டிலிருந்து ஒரு போர்வையை உருவினாள். பச்சையும் மஞ்சளும் கட்டம் போட்டது, வடசேரித் தறியில் நெய்தது, எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. மடிப்பு மடித்தபடி இருந்தது.

"அப்பா, இத கடைசியா எப்ப போத்துனிய?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு பொருளை வாங்கிய நாள் நினைவிருக்கும், தொலைத்த நாள் நினைவிருக்கும். தேவையில்லாமல் போன நாளை யார் குறித்து வைத்திருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் அந்தப் போர்வை சித்திரை வெயில் காலத்திலும் எங்கள் கால்மாட்டில் கிடக்கும். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். அது அன்றும் உண்டு. ஆனால் ராத்திரி சாப்பாடும் குடும்ப ஜெபமும் முடிந்து படுக்கும்போது சுவர் சூடு இறங்கியிருக்கும். கோழி கூவுகிற நேரத்துக்கு ஒரு தணுப்பு வரும். அந்த நேரத்தில் நேசபாய் கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டிப் போர்வையை இழுத்து, முதலில் பிள்ளைக்கு, பிறகு எனக்கு, மிச்சம் இருந்தால் தனக்கு என்று போர்த்துவாள். நான் பாதி உறக்கத்தில் அந்தக் கை வருவதற்காகக் காத்துக் கிடப்பேன். விழித்திருந்தும் நானாகப் போர்த்திக்கொண்டதில்லை. அவ்வளவு சோம்பேறி.

அந்தத் தணுப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை. கடை அடைத்துவிட்டு சைக்கிளில் இராஜாக்கமங்கலம் ரோட்டில் வீட்டுக்கு வருவேன். வேட்டியை மடித்துக் கட்டியிருப்பேன். ஒரு சின்னப் பாலம் உண்டு. பாலம் வரைக்கும் முகத்தில் அனல். பாலம் தாண்டியதும், யாரோ குளத்துக்குள் சைக்கிளோடு இறக்கிவிட்டது போல, முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருக்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. நாற்று வாசமும் சேற்று வாசமும் கலந்து வரும். மூன்று நிமிஷத்துப் பாதை. அந்த மூன்று நிமிஷம்தான் எனக்கு அன்றைய கூலி என்று நேசபாயிடம் வேடிக்கையாகச் சொல்வேன்.

அந்த வயல்கள் மனையானபோது அதற்குப் போன சிமெண்டில் பாதி எங்கள் கடையில் ஏற்றியது. வழி எழுதிக் கொடுத்தவன் நான். 'பாலம் தாண்டி இடது பக்கம், புது வீடு.' எத்தனை சீட்டில் அப்படி எழுதியிருப்பேன். எங்கள் ஊர் மாநகராட்சியானபோது கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டதும் என் ஆசைதான். நேசபாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "மேக்க நிக்க பிலாவ மட்டும் வெட்டாண்டாம்" என்று. பலாமரத்து வேர் அஸ்திவாரத்தைத் தூக்கும் என்று கடைக்கு வருகிற மேஸ்திரி ஒருவர் சொல்லியிருந்தார். வெட்டினேன். வீடு பிரதிஷ்டை அன்று போதகரும் சபையாரும் மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், பந்தியில் இருந்தார்கள். "நல்ல காத்தோட்டமுள்ள வீடு" என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு நாளில் நடந்ததாகச் சொல்ல முடியாது. போர்வை கால்மாட்டிலிருந்து நாற்காலிக்குப் போயிற்று, நாற்காலியிலிருந்து அலமாரிக்கு. ஃபேன் இரண்டில் ஓடியது மூன்றுக்குப் போய், ஐந்துக்குப் போய், அதற்குமேல் எண் இல்லாமல் நின்றது. பிறகு ஃபேன் போட்டால் காற்று வரவில்லை, மட்டுப்பாவின் சூடுதான் கீழே வந்தது. நேசபாய் சாயங்காலம் தண்ணீர் கோரி மட்டுப்பாவில் ஊற்றுவாள். ஆவியோடு ஒரு சுண்ணாம்பு வாசம் எழும்பும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும், அதனால் படியில் நின்று மோந்துகொண்டிருப்பேன். குடத்தை வாங்கி ஊற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு காலத்தில் ரெண்டு குடம் போதும். பிறகு ஆறு குடம் ஊற்றினாலும் படுக்கும் நேரத்துக்குக் கூரை பழையபடி சுட்டது. பகல் சூட்டை எல்லோரும் பேசினார்கள். ராத்திரி சூடு கூடுவதை யாரும் கவனிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நூல் கனம் கூடினால் யாருக்குத் தெரியும்.

உடம்புக்குத் தெரிந்தது. அவள் உடம்புக்கு.

ஒரு நாள் ஒரு மணி ரெண்டு மணி இருக்கும், விழித்துப் பார்த்தேன், அவளைப் பக்கத்தில் காணவில்லை. அடுக்களையில் வெளிச்சம். தரையில் காலை நீட்டி, தண்ணீர்ப் பானையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்னட்டி, இந்நேரத்துல?"

"ஒறக்கம் வரல்ல. தறையில இருந்தா கொஞ்சம் தணுப்பு. சும்ம இருக்கதுக்கு நாலு பேருக்கு ஜெபிக்கலாமுல்லா. நீங்க போய்க் கெடங்க."

போய்ப் படுத்தேன். மறுநாளும் எழும்பினாள், அதற்கு மறுநாளும். எனக்கு மனசுக்குள் ஒரு பெருமை வந்துவிட்டது. ஆண்டவர் என் வீட்டில் ஒருத்தியை ராத்திரி ஜெபத்துக்கு எழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சபையில் ஆராதனை முடிவில் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். பொதுவாக வாயே திறக்காத நான் அந்த ஞாயிறு எழுந்து நின்றேன். நாமெல்லாம் உறங்குகிற நேரத்தில் இந்தச் சபைக்காக ஒரு ஆத்துமா விழித்திருக்கிறது என்றேன். யார் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்தாள். நான் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டேன்.

வரும் வழியில் சொன்னாள், "என்னத்துக்கு அப்பிடிச் சொன்னிய? வீட்டுக்குள்ள சூடு, அவிச்சல் தாங்கல்லன்னுதானே எழும்புகேன்."

"ஆண்டவரு அவிச்சல வச்சும் எழுப்புவாரு" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக வீடு வரைக்கும் எனக்குள் மெச்சிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே தங்கபாய் அக்கா வந்தாள். பக்கத்துத் தெருக்காரி, பாடகர் குழுவில் முன்வரிசை. "நேசம், நீ ராத்திரி எழும்பும்போ எனக்க மவனுக்க விசா காரியத்தயும் ஓர்த்துக்கோ மக்கா. ஒனக்க ஜெபம்னா கேக்கும்." பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நேசபாய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பெயரும் காரியமும் எழுதி வைத்துக்கொண்டாள். காரியம் நடந்தால் பக்கத்தில் ஒரு சரி போடுவாள். எங்கள் பக்கம் ஜெபிக்கிறவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். விசா வந்தது, சரி. யாருக்கோ ஆண் பிள்ளை பிறந்தது, சரி. "அவிச்சலுக்கு எழும்புனவளுக்கு வேலயும் குடுத்தாச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு ராத்திரி அவளுக்கு உறக்கம் வந்தாலும் படுத்திருக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஷைனி வேலைக்குப் போன புதிதில் போனில் சொன்னாள், "அப்பா, நான் ஏசி வாங்கி அனுப்புகேன். அம்மா பாவம்." நான் வேடிக்கையாக, "ஏசியில கெடந்தா ஒங்கம்மைக்கு ஜெபம் வருமா? உறக்கமுல்லா வரும்" என்றேன். போனை அவளிடம் கொடுத்தேன். "ஒங்கப்பா வேண்டாம்னு சொல்லுதாவ மக்களே" என்று நேசபாய் சொன்னாள். தனக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் நாலு வருஷமாக எழுத முடியவில்லை.

அவளுக்குப் பிரஷர் கூடி, கால் வீங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, எங்கள் ஷைனி வயசுதான் இருக்கும். எல்லாம் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார், "அம்மா, ராத்திரி நல்லா தூங்குறீங்களா? வீடு ரொம்ப சூடா இருக்குமோ?"

நேசபாய் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இவ ராத்திரியெல்லாம் எழும்பி ஜெபிக்கக்கூடிய ஆளு டாக்டர். சபை முழுக்கத் தெரியும்."

டாக்டரம்மா சிரித்தார். "அப்ப எனக்கும் ஜெபிங்கம்மா" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார்.

நேசபாய் திறந்த வாயை மூடிக்கொண்டாள். "உங்க பேரென்ன மக்களே?" என்று கேட்டு, அன்று ராத்திரி அந்தப் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் ஒரு விடியற்காலம் அடுக்களையில் வெளிச்சம் அணையாமல் இருந்ததால் போய்ப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். தூக்குவதற்காகக் கையைத் தரையில் ஊன்றினேன். சூரியன் எழும்பாத நேரம், சிமெண்டுத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடோ என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அவள் கிடந்த இடத்துக்கு அப்பால் உள்ள தரையையும் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது.

இருதயம் என்று சொன்னார்கள். வெக்கைதான் கொன்றது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. வருஷக்கணக்காக உறங்காத இருதயம் என்று மட்டும் சொல்லத் தெரியும்.

அடக்கத்தில் போதகர், "நம் சகோதரி முழந்தாளில் நின்று ஜெபித்தபடியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. அடுக்களையில் கிடந்தாள் என்று நான் சொன்னேன், நோட்டு பக்கத்தில் இருந்தது என்று தங்கபாய் அக்கா சொன்னாள், மிச்சத்தை அவரவர் அன்பு சேர்த்துக்கொண்டது. நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆறு மாதம் கழித்து தக்கலைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பிரசங்கியார் அவளைப் பற்றிச் சொன்னார். உறக்கத்தைத் தானாக வெறுத்துத் தள்ளினவள் என்றார். கூட்டமே அழுதது. என் பக்கத்தில் இருந்தவர் என்னைத் தட்டி, "இப்பிடி ஒரு பெண்ணு கெட்டக் குடுத்து வச்சிருக்கணும், இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்துதான் அந்த நோட்டை முதல் முறையாகப் பிரித்தேன். எல்லாம் அவளுடைய வட்ட எழுத்து. தங்கபாய் அக்கா மகன், விசா. மூப்பர் வீட்டம்மா, முட்டுவலி. டாக்டரம்மாவின் பெயர், நல்ல இடத்தில் கல்யாணம். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி ஒன்றேதான் இருந்தது. நேசபாய், உறக்கம். நோட்டு முழுக்கப் பார்த்தேன். மற்ற வரிகளில் பாதிக்கு மேல் சரி போட்டிருந்தது. அந்த வரியில் ஒரு பக்கத்திலும் இல்லை.

ஆண்டவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் கேட்கும் முன்பே அவளைச் சுற்றி இருந்தவர்களின் காதில் விழுந்த காரியம் அது. முதலில் என் காதில்.

அவள் போனபின் ஷைனி கேட்காமலே ஏசி வாங்கிப் போட்டுவிட்டாள். அதன் வெளிப்பெட்டி அனலைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்த வீட்டுப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளும் ஒன்று வாங்கினாள். அது என் அடுக்களைப் பக்கம் ஊதுகிறது. கரண்டு போன ராத்திரிகளில் நானும் எழும்பி அவள் சாய்ந்திருந்த இடத்தில் உட்காருகிறேன். போன வருஷத்தைவிட இந்த வருஷம் தரை சூடு கூடுதல். வரும் வருஷம் இதைவிடக் கூடும். "அம்மாவுக்க பாரத்த இப்ப நீங்க சொமக்கிய" என்று சபையில் சொல்கிறார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்தால் ஜெபம் வருவதில்லை. வேர்க்கிறது, அவ்வளவுதான்.

ஷைனி அந்தப் போர்வையைப் பிள்ளைக்குக் கீழே விரித்தாள். பிள்ளை அதில் உருண்டுவிட்டு, "குத்துது தாத்தா, சுடுது" என்று எழும்பி வந்துவிட்டது. இதைப் போர்த்திக்கொள்வார்கள் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டது. விடியற்காலம் குளிரும், ஒரு கை வந்து போர்த்தும் என்பதை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்க வைப்பது. மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சபையின் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி புதுப் போதகர் கேட்டிருக்கிறார். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். போடுவார்களா என்று தெரியாது. அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நேசபாயைப் பற்றி யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் ஒன்றும் கூட்டாமல், அழகுபடுத்தாமல், இப்படியே சொல்லுங்கள். எல்லோருக்காகவும் ஜெபித்தாள், அது உண்மை. உறக்கத்தை அவள் வெறுக்கவில்லை, கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். முழந்தாளில் இல்லை. மல்லாந்து கிடந்தாள். சேலையைத் தளர்த்தி, மார்பில் ஒரு துண்டை நனைத்துப் போட்டிருந்தாள். நான் போய்ப் பார்க்கும்போது அந்தத் துண்டு காய்ந்திருந்தது.