திங்கட்கிழமை அனுப்பிய மெயில்

சென்னை விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளின் மெயிலை எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் வியாழக்கிழமைதான் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தாள்: ‘படிக்க முடியலப்பா. எங்கியாவது போயிடறேன். தேடாதீங்க.’ விடுதிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை.

சென்டர்காரர் சலீமிடம் காட்டினேன். அவர் மெயில் வந்த வழியும் நேரமும் பதிவாகியிருக்கும் முழு ஹெட்டரையும் திறந்தார். “ஏனுங்க, இது திங்கக்கிழமையே அனுப்புனதுங்க. சர்வர்ல மாட்டி இன்னிக்குத்தான் வந்திருக்குது.”

செவ்வாய்க்கிழமை அவள் எனக்குப் போன் செய்திருந்தாள். இதை எழுதிய பிறகு.

“மெயில் பாத்தீங்களாப்பா?”

“அப்பறம் பாக்கறேன் கண்ணு. நீ பரீட்சைக்குப் படி” என்று போனை வைத்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு முறை முயன்ற பிறகு விடுதி லைன் கிடைத்தது. “அப்பா” என்றாள். “ஊட்டுக்கு வந்துரு கண்ணு” என்றேன்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் செவ்வாயிலிருந்து அந்த இரண்டு நாளும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். போனில் நான் சொன்ன ‘படி’ என்பதையே அவள் தன் மெயிலுக்கான பதில் என்று எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் பதறுகிறது.